சாய்வின் அரசியல்: தடித்த, சாய்ந்த ஓர் அச்செழுத்தைப் பற்றி

1

சில மாதங்களுக்கு முன் தொழிற்சங்கத் தோழர் ஒருவர் கூட்ட நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். வாசகத்தில் குறை ஒன்றும் இல்லை. கூலி, வேலை நேரம், ஒப்பந்த முறை எனக் கோரிக்கைகள் வரிசையாக இருந்தன. அவருடைய மனக்குறை வேறு. "நோட்டீஸ் தூங்குது தோழர். எழுத்துல ஒரு வேகம் வேணும். ஷூ விளம்பரத்துல போடுவானே, தடியா, சாஞ்சு, அப்படியே பாயற மாதிரி, அது மாதிரி போட்டுக் குடுங்க" என்றார். டிடிபி சென்டரில் உட்கார்ந்து தலைப்பை முதலில் போல்டு ஆக்கினோம், பிறகு இட்டாலிக் ஆக்கினோம். எழுத்து சாய்ந்தது. "இப்பத்தான் உசுரு வந்திருக்கு" என்றார் தோழர். அடித்து ஒட்டியும் ஆயிற்று.

இதில் நானும் உடந்தைதான். ஆனால் வீடு திரும்பும்போது கேள்வி ஒன்று கூடவே வந்தது. எழுத்தைச் சாய்த்தவுடன் அது ஓடுவதாக நமக்கு ஏன் தோன்றுகிறது? எழுத்து ஓடுகிறது என்றால் உண்மையில் ஓடுவது யார், அல்லது எது? வேகம் என்ற அர்த்தம் அந்தச் சாய்வுக்குள்ளேயே இருக்கிறதா, யாராவது ஏற்றிவைத்ததா? எழுத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி இவ்வளவு விவாதிக்கிற நாம், எழுத்தின் உடலைப் பற்றி, அதாவது அச்சில் அது எடுக்கும் வடிவத்தைப் பற்றி, ஏறத்தாழ எதுவுமே பேசுவதில்லை. அது டிடிபிக்காரர் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். நாம் விட்ட இடத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இக்கட்டுரையில் ஒரேயோர் எழுத்தை எடுத்துக்கொள்கிறேன். ஃபியூச்சரா என்ற ஜெர்மானிய அச்செழுத்தின் தடித்த, சாய்ந்த வடிவம் அது. அமெரிக்காவின் ஒரு காலணிக் கம்பெனி, ஒரு பெண்ணியக் கலைஞர், ஒரு தெரு உடைக் கடை என மூன்று தரப்பும் அதே எழுத்தைக் கையாண்டிருக்கின்றன. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வடிவத்துக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு கொஞ்சம் துலங்கும் என்று நினைக்கிறேன்.

2

முதலில் சாய்வின் கதை. அச்சில் சாய்வெழுத்து பிறந்தது வெனிஸ் நகரத்தில். ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக்கொடுத்த எழுத்தில், 1501-இல் வர்ஜிலின் படைப்புகள் கையடக்கமான நூலாக வந்தன. அங்கே சாய்வுக்கு வேகம், வீரியம், இளமை என்ற பொருளெல்லாம் கிடையாது. அன்றைய இத்தாலியில் அலுவலக எழுத்தர்களும் படித்தவர்களும் விரைந்து எழுதிய கையெழுத்தை அச்சு போலச்செய்தது, அவ்வளவுதான். இத்தாலிய மொழியில் இன்றும் சாய்வெழுத்துக்கு ‘கொர்சிவோ’ என்றே பெயர். ஓடுகிற எழுத்து என்று பொருள். ஓடியது எது? எழுதுகிறவரின் கை. தாளிலிருந்து பேனாவை அதிகம் எடுக்காமல் இழுத்துச்சென்ற ஒரு கையின் தடயம்தான் அந்தச் சாய்வு. அதாவது உழைப்பின் தடயம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

தடித்த எழுத்தின் பூர்வீகம் வேறு. அது புத்தகத்தில் வளர்ந்த பிள்ளை அல்ல, தெருவில் வளர்ந்த பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாட்டரிச் சீட்டும் மருந்தும் நாடகமும் லண்டன் சுவர்களில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டபோது, பக்கத்துப் போஸ்டரை அமுக்குவதற்காக எழுத்து பருத்தது. 1816-இல் வில்லியம் காஸ்லனின் அச்சுவார்ப்பகம் முனைக்கொடி இல்லாத மொட்டை எழுத்தைத் தன் மாதிரி ஏட்டில் காட்டியது. கையின் தடயமான சாய்வும் சந்தையின் தடயமான தடிமனும் பிற்பாடு ஒன்றுசேர்ந்தன.

இந்தச் சேர்க்கைக்கு வெளிப்படையாகத் தத்துவம் எழுதியவர் இத்தாலிய எதிர்காலவாதி மரிநெட்டி. 1909 பிப்ரவரி 20 அன்று பாரிஸின் ‘ல ஃபிகாரோ’ நாளிதழில் வெளியான அவருடைய அறிக்கை வேகத்தை ஒரு புதிய அழகாக அறிவித்தது. சீறிச்செல்லும் பந்தயக் கார் சமோத்ராக்கியின் வெற்றித் தேவதைச் சிலையைவிட அழகானது என்றது. அதே அறிக்கை போரைப் போற்றியது. பெண்ணியத்தை எதிர்த்துப் போராடுவோம் என்றது. 1913-இல் எழுதிய இன்னோர் அறிக்கையில் மரிநெட்டி அச்சுப் பக்கத்துக்கே வந்துவிட்டார். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு வண்ண மைகள் வேண்டும், தேவைப்பட்டால் 20 வகை எழுத்துகள்கூட வேண்டும், விரைவான உணர்வுகளுக்குச் சாய்வெழுத்து, வன்மையான ஒலிக்குறிப்புகளுக்குத் தடித்த எழுத்து என்று அதில் பட்டியல் போட்டார். நானறிந்தவரை சாய்வு என்றால் வேகம், தடிமன் என்றால் வன்மை என்ற சமன்பாடு இவ்வளவு பச்சையாக எழுதப்பட்டது அங்கேதான். 1919-இல் இத்தாலிய ஃபாசிஸ்டுகளின் முதல் அறிக்கையை எழுதியவர்களிலும் மரிநெட்டி ஒருவர்.

அதே காலத்தில் கேமராவும் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு சாட்சி சொன்னது. பிரெஞ்சுக்காரரான ழாக் ஆன்றி லார்த்தீக் 1910களின் தொடக்கத்தில் பதின்வயதில் எடுத்த பந்தயக் கார் படம் ஒன்று பிரசித்தம். அதில் காரின் சக்கரம் முன்பக்கம் சாய்ந்த முட்டை வடிவமாகவும், சாலையோரம் நிற்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் தெரிவார்கள். அவருடைய கேமராவின் மூடித்திரையில் இருந்த பிளவு படத்தை ஒரேயடியாகப் பதியாமல் பட்டைபட்டையாகப் பதிந்தது. பதிந்து முடிவதற்குள் கார் நகர்ந்துவிட்டது. காரைத் தொடர்ந்து கேமராவும் திரும்பியதால் நின்றவர்கள் மறுபக்கம் சாய்ந்துவிட்டார்கள். சாய்ந்தது காரும் இல்லை, மனிதர்களும் இல்லை. ஒரு கருவியின் குறைபாடு அது. அக்குறைபாடு நாளடைவில் வேகத்தின் இலக்கணமாகவே நிலைபெற்றது.

சாய்வின் திசைகூட இயற்கையானதல்ல. இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்களுக்கு வலப்பக்கம் சாய்வது ‘முன்னே’ போவது. வலமிருந்து இடமாகப் படிக்கிறவர்களுக்கு? பாரசீக எழுத்துக்கு இடப்பக்கம் சாய்கிற வடிவத்தை வடித்து, அதற்கு ‘ஈரானிக்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆக, முன்னேற்றம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே நாம் எந்தப் பக்கமிருந்து படிக்கக் கற்றோம் என்பதைப் பொறுத்தது. வரலாற்றில் உண்டான ஒன்று இயற்கையானதுபோல் வேடமிடுவதையே ரோலான் பார்த் 1957-இல் ‘தொன்மம்’ என்றார். சாய்வும் அப்படி ஒரு தொன்மம்தான்.

3

இனி நமது எழுத்துக்கு வருவோம். ஃபியூச்சராவை வடிவமைத்தவர் பவுல் ரென்னர். ஃபிராங்க்பர்ட்டின் பவர் அச்சுவார்ப்பகம் அதை 1927-இல் வெளியிட்டது. வட்டம், முக்கோணம், நேர்கோடு ஆகியவற்றிலிருந்து எழுத்தை எழுப்பியதாகத் தோற்றமளிக்கும் வடிவம் அது. பேனாவின் ஞாபகமே இல்லாத எழுத்து. ஆகவே அதைச் சாய்த்தபோது ஆல்டஸின் சாய்வெழுத்து கிடைக்கவில்லை. அங்கே சாய்ந்த எழுத்துக்கென்று தனி உருவங்கள் இருந்தன. இங்கே நிமிர்ந்த எழுத்தே அப்படியே சாய்கிறது. அச்சுத்துறையில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் உண்டு: முன்னது இட்டாலிக், பின்னது ஒப்ளிக்.

எழுத்தைச் சும்மா தள்ளிச் சாய்த்தால் என்ன ஆகும் என்பதை எந்த டிடிபி திரையிலும் பார்க்கலாம். ஆங்கில ‘ஓ’ வட்டம் முட்டையாகும். வலது மேல் முனையும் இடது கீழ் முனையும் பருக்கும், மற்ற இரண்டு முனைகளும் மெலியும். நல்ல வடிவமைப்பாளர் இதை ஒவ்வோர் எழுத்தாகத் திருத்துவார். திருத்திய பிறகே அது ‘இயல்பாகப் பாய்வது’ போலத் தெரியும். அந்த இயல்பு கையால் செய்யப்பட்டது என்பதை இங்கு கவனிக்க வேண்டும்.

வடித்தவரின் அரசியல் எழுத்தோடு கூடவே வருமா? ரென்னர் 1932-இல் நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையைத் தாக்கிச் சிறுநூல் எழுதினார். 1933-இல் கைது செய்யப்பட்டார், மியூனிக்கில் வகித்த கல்விப் பதவியையும் இழந்தார். ஆனால் அவருடைய எழுத்து நாஜி ஜெர்மனியிலும் புழங்கியது, பிறகு கடல் கடந்து அமெரிக்க விளம்பரத்திலும் புழங்கியது. 1969-இல் நிலவில் விட்டுவரப்பட்ட அப்பல்லோ 11 தகட்டில் இருப்பதும் ஃபியூச்சராதான். வடித்தவரின் மனச்சாட்சிக்கும் எழுத்தின் பிழைப்புக்கும் சம்பந்தமில்லை.

நைக்கி கம்பெனிக்கு 1971-இல் வளைகோட்டுச் சின்னத்தை வரைந்தவர் போர்ட்லண்டில் மாணவியாக இருந்த கேரலின் டேவிட்சன். கூலி 35 டாலர். அப்போது கம்பெனியின் பெயர் கையெழுத்துச் சாயலில், சிறிய எழுத்துகளில் இருந்தது. 1978-இல் அது ஃபியூச்சராவின் தடித்த, சாய்ந்த பெரிய எழுத்துகளுக்கு மாறியது. கையெழுத்து போய் வடிவகணிதம் வந்தது. அந்த நான்கு ஆங்கில எழுத்துகளை உற்றுப் பாருங்கள்: ஒன்றிலும் வளைவே இல்லை. எல்லாம் நேர்கோடு, எல்லாம் கூர்முனை. எழுத்தின் கோணங்களும் சின்னத்தின் வளைவும் ஒன்றையொன்று தூக்கிக்காட்டின. 1995-இல் கம்பெனி சொல்லையே எடுத்துவிட்டுச் சின்னத்தை மட்டும் வைத்துக்கொண்டது. அதற்குள் சாய்வு தன் வேலையை முடித்திருந்தது.

நைக்கி என்பது கிரேக்க வெற்றித் தேவதையின் பெயர். மரிநெட்டி பந்தயக் காரோடு ஒப்பிட்டு மட்டம் தட்டினாரே, அந்தச் சமோத்ராக்கிச் சிலை இவளுடையதுதான். லூவரில் நிற்கிறாள், தலையும் இல்லை, கைகளும் இல்லை.

4

கை இல்லாத வேகம். பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

நைக்கியின் உலகப் புகழ்பெற்ற கட்டளை வாசகம், ‘செய்துவிடு’ என்று தோராயமாகத் தமிழில் சொல்லலாம், 1988-இல் வந்தது. அதை எழுதிய விளம்பரக்காரர் டேன் வீடன், அது தனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1977-இல் யூட்டா மாநிலத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மரண தண்டனைக் கைதி கேரி கில்மோரின் கடைசி வார்த்தைகளிலிருந்து. நாற்காலியில் கட்டிவைக்கப்பட்ட ஒருவன், துப்பாக்கிகளின் முன், ‘செய்துவிடுவோம்’ என்ற அர்த்தத்தில் சொன்னது அது. அசையவே முடியாதவன் வாயிலிருந்து வந்த சொல் ஓட்டத்தின் மந்திரமாக ஆயிற்று. இதை ஒரு விசித்திரத் தகவல் என்று ஒதுக்க முடியவில்லை. ஓட்டத்தின் குறிக்குப் பின்னால் அசைய முடியாத உடல் ஒன்று இருக்கிறது என்பது இங்கே மட்டுமல்ல, உற்பத்தியிலும் உண்மை.

1992-இல் ஜெஃப் பாலிஞ்சர் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் இந்தோனேசியாவில் நைக்கி காலணி செய்த ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டை அச்சிட்டு, வரிவரியாக அதற்கு விளக்கம் எழுதினார். அந்தச் சீட்டில் இருந்ததும் எழுத்துதான், எண்தான். ஆனால் அந்த எழுத்தை எந்த விளம்பரப் பலகையிலும் யாரும் போடமாட்டார்கள். கம்பெனியே கேட்டு நடத்திய ஒரு தணிக்கை அறிக்கை 1997-இல் வெளியே கசிந்தது; வியட்நாம் ஆலை ஒன்றில் பசையிலிருந்து வரும் டொலுயீன் ஆவி அனுமதித்த அளவை மீறியிருந்ததை அது சொன்னது. 1998 மே மாதம் கம்பெனித் தலைவர் ஃபில் நைட், தமது பொருளின் பெயரே அடிமைக் கூலிக்கும் கட்டாய ஓவர்டைமுக்கும் மறுபெயராகிவிட்டது என்று மேடையில் ஒப்புக்கொண்டார். காலணி ஆலைகளில் வேலைக்குச் சேரும் வயதை 18 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். இது தானாக வந்த ஞானோதயம் அல்ல. தொழிலாளர்களும் மாணவர்களும் வருடக்கணக்காகப் போராடியதன் விளைவு.

இந்தக் கதை நமக்கு அன்னியமானதும் அல்ல. தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த ஆலைகள் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்குக் காலணி செய்கின்றன. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களின் பெண்கள். காலணி ஆலை என்பது எங்கும் ஒன்றுதான்: வெட்டுதல், தைத்தல், பசை பூசுதல், ஒட்டுதல், பெட்டியில் அடைத்தல். ஓடுவது பட்டை, ஓடப்போவது காலணி. பெண்கள் அவரவர் இடத்தில் இருந்தாக வேண்டும்.

பால் விரிலியோ 1977-இல் வேகத்தை ஓர் அதிகார வடிவமாகவே படிக்கச் சொன்னார்: யார் வேகமாகப் போகலாம், யாரை நிறுத்திவைக்கலாம் என்பதே அரசியல் என்கிற பார்வை. அந்தப் பார்வையில், சாய்ந்த எழுத்து வேகத்தின் படம் அல்ல, வேகத்தின் பட்டா. ஆல்டஸின் சாய்வில் எழுதியவரின் கை தெரிந்தது. இந்தச் சாய்வில் கை மறைந்துவிட்டது, சரக்கு மட்டும் ஓடுகிறது. உழைக்கும் கையின் வேகத்தைத் திருடிச் சரக்குக்கு மாட்டியதுதான் அந்த 500 வருடப் பயணத்தின் சாரம் என்று எனக்குப் படுகிறது.

5

அப்படியானால் இந்த எழுத்தை எதிர்த்தரப்பு தொடவே கூடாதா? தொட்டவர் ஒருவர் உண்டு. பார்பரா க்ரூகர். பெண்கள் பத்திரிகையொன்றில் பக்க வடிவமைப்பாளராக வேலை பார்த்துப் படமும் வாசகமும் சேர்ந்து வாசகரை எப்படி வளைக்கும் என்பதை உள்ளிருந்து கற்றவர். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின்மேல் சிவப்புப் பட்டை, அதற்குள் வெள்ளையாக ஃபியூச்சராவின் தடித்த சாய்வு. 1989 ஏப்ரலில் கருக்கலைப்பு உரிமைக்காக வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணிக்கு அவர் செய்த போஸ்டரில் ஒரு பெண்முகம் நட்டநடுவில் பிளந்து, ஒரு பாதி படமாகவும் மறுபாதி நெகடிவாகவும் இருக்கும். உன் உடல் ஒரு போர்க்களம் என்பது அதன் வாசகம். 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் கவிழ்த்தபோது அந்தப் போஸ்டர் பழசாகவில்லை என்பது மறுபடி தெரிந்தது.

க்ரூகர் என்ன செய்தார்? எழுத்தை மாற்றவில்லை. விளம்பரத்தின் அதே சாய்வு, அதே அதட்டல். மாற்றியது விளிப்பை. விளம்பரம் ‘நீ’ என்று அழைப்பது பணப்பையை. க்ரூகரின் ‘நீ’ பார்ப்பவரை ஒரு தரப்பில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறது. விளம்பரத்தின் குரலைக் களவாடி விளம்பரத்தின் முகத்திலேயே அடித்த காரியம் அது.

ஆனால் களவுக்குக் களவு நடந்தது. 1994-இல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் சுப்ரீம் என்ற ஸ்கேட்போர்டு கடை திறந்தது. அதன் முத்திரை சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளை ஃபியூச்சரா, தடிப்பாகவும் சாய்வாகவும். க்ரூகரின் பாணி என்பது உலகறிந்த சங்கதி. வாக்கியம் போயிற்று, போர்க்களம் போயிற்று, பெட்டி மட்டும் மிஞ்சியது. 2013-இல் ஒரு பெண்கள் உடைக் கம்பெனி அந்தப் பெட்டியைக் கிண்டல் செய்து சட்டை போட்டபோது, சுப்ரீம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. கருத்துக் கேட்ட பத்திரிகைக்குக் க்ரூகர், மூடர்கள் என்று பொருள்படும் பெயரிட்ட கோப்பு ஒன்றை அனுப்பினார். இந்தக் கேலிக்கூத்தைப் பற்றித்தான் தான் வேலையே செய்கிறேன் என்றும், இவர்கள் தன்மீதே வழக்குப் போடுவதற்குக் காத்திருக்கிறேன் என்றும் அதில் எழுதியிருந்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. சுப்ரீம் 2020-இல் 210 கோடி டாலருக்கு விலைபோனது. 2024-இல் 150 கோடி டாலருக்குக் கைமாறியது.

இங்கே சட்டம் சொல்வதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அச்செழுத்தின் உருவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அதைத் திரைக்குக் கொண்டுவரும் கணினி நிரலுக்கு உண்டு. அந்த எழுத்தில் எழுதிய கம்பெனிப் பெயருக்கு வணிகமுத்திரை உரிமை உண்டு. சாய்வு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் சாய்வை வேலி போட்டு அடைத்தால் அது சொத்து. பொதுநிலத்தின் கதையும் இதுதானே.

6

தோழரின் நோட்டீஸுக்குத் திரும்புகிறேன். தமிழெழுத்துக்குச் சாய்வு மரபு என்று தனியாக ஒன்று கிடையாது. நாம் இட்டாலிக் பொத்தானைத் தட்டும்போது நடப்பது வெறும் தள்ளிச் சாய்த்தல். ‘ண’வும் ‘ளை’யும் ‘ணை’யும் சுழிகளால் ஆனவை, தடியாக்கினால் சுழி அடைபடும், சாய்த்தால் அடைபட்ட சுழி நசுங்கும். எங்கள் தலைப்பைச் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து யாராலும் படிக்க முடியவில்லை. வேகம் வந்தது, எழுத்து போயிற்று.

இதைவிட முக்கியமான விஷயம் விளிப்பு. க்ரூகரின் ஆங்கில ‘நீ’யில் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற படிநிலை இல்லை. தமிழில் அது தப்பவே முடியாத கேள்வி. ‘செய்’ என்று யார் யாரிடம் சொல்லலாம்? ஒருமைக் கட்டளையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுத் தேய்ந்த காதுகள் யாருடையவை என்று நமக்குத் தெரியும். தடித்துச் சாய்ந்து ‘செய்துவிடு’ என்று அதட்டுகிற ஒரு வாசகம் ஆங்கிலத்தில் உற்சாகமாகக் கேட்கலாம். இங்கே அது மேஸ்திரியின் குரல், பண்ணையின் குரல். நம் இயக்கங்களின் போஸ்டர் மொழி இதை எந்தக் கோட்பாடும் படிக்காமலே உணர்ந்திருந்தது. ‘திரண்டு வாரீர்’ என்பதில் மரியாதையும் இருக்கிறது, பன்மையும் இருக்கிறது, அசைவும் இருக்கிறது. ‘வெல்வோம்’ என்பதில் சொல்கிறவரும் உள்ளே நிற்கிறார். தமிழில் வேகம் வினைமுற்றின் விகுதியில் இருக்கிறது. அது எழுத்தைச் சாய்த்து வருவதல்ல.

அதற்காக ‘வாரீர்’ போட்டுவிட்டால் எல்லாம் ஆயிற்று என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்குக் கூட்டம் வரவில்லை. மறுவாரம் தோழரோடு ஆலைப் பேருந்து நிற்கும் இடத்துக்குப் போனோம். நோட்டீஸைப் பார்த்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "வாரீர் வாரீர்னு பெருசா போட்டிருக்கீங்களே தம்பி, சாயங்காலம் ஆறு மணிக்குன்னா ரெண்டாவது ஷிப்டு எப்படி வரும்? மொத ஷிப்டு முடிச்சவ வீட்டுல உலை வைக்கறதா, உங்க கூட்டத்துக்கு வர்றதா?" எங்கள் இருவருக்கும் பதில் இல்லை. தலைப்பின் சாய்வைப் பற்றி ஒரு மணி நேரம் யோசித்த நாங்கள் நேரத்தைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருக்கவில்லை.

அடுத்த நோட்டீஸில் எழுத்தை நிமிர்த்திவிட்டோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றி, கிராமத்துக்கு ஒன்றாகப் பிரித்தோம். எந்தத் தேதியில் எந்த ஊர் என்பதை அந்த அம்மாவையும் உடன் வேலை செய்பவர்களையும் கேட்டுத்தான் எழுதினோம். அந்தப் பட்டியல்தான் நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்தது. "கொஞ்சம் சாச்சிருக்கலாமே தோழர்" என்றார் அவர், பழக்கம் விடவில்லை.